விண் கூவும் பட்டமும் பதினான்கு குழியும்: வாசகர் கேள்வி – பதில்

சின்ன வயதில் பழகிய எந்தப் பொழுதுபோக்கு இன்னும் உங்களோடு இருக்கிறது, அதில் எங்கே தடங்கல் வருகிறது என்று வன்னி வாசகர்களிடம் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் செய்முறை பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம். எல்லாக் கடிதங்களிலும் ஒரே முறைப்பாடுதான்: "அப்போது சரியாக வந்தது, இப்போது வருகுதில்லை." கை மறந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படியல்ல, சாமான்தான் மாறிவிட்டது. பனை நார் இருந்த இடத்தில் பிளாஸ்டிக் நாடா, பருத்தி நூல் இருந்த இடத்தில் நைலோன், மெல்லிய தடி இருந்த இடத்தில் கடைத் தூண்டில். சாமானுக்கு ஏற்ப அளவும் மாற வேண்டும்.

கேள்வி: விண் (காற்றில் கூவும், நார் கட்டிய வில்) பூட்டி நாலுமூலைப் பட்டம் கட்டினேன். நன்றாக ஏறுகிறது, பிறகு ஒரு பக்கமாகச் சுழன்று வந்து நிலத்தில் குத்துகிறது. விண்ணும் கூவவில்லை, சும்மா படபடவென்று அடிக்கிறது. எங்கே பிழை?
— வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: இரண்டும் வேறு வேறு பிழைகள். குத்துவது சட்டத்திலோ, முச்சையிலோ (பட்டத்தை ஏற்றும் நூலோடு பிணைக்கும் மூன்று கால் நூற்கட்டு), வாலிலோ உள்ள பிழை. கூவாதது நாரிலும் வில்லிலும் உள்ள பிழை. விண்ணைக் கழற்றி வைத்துவிட்டு முதலில் பட்டத்தைப் பாருங்கள்.

எப்போதும் ஒரே பக்கமாகத்தான் சுழல்கிறதா, அல்லது ஒருமுறை இடம், ஒருமுறை வலமா? ஒரே பக்கமென்றால் பட்டத்தின் இரு பாதியும் சமமில்லை. மாறி மாறிச் சுழன்றால் வால் போதாது, அல்லது காற்று அந்தப் பட்டத்துக்குக் கூட.

3 அடி உயரம், 2½ அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். மூலைக்கு மூலை போகும் குச்சிகள் இரண்டும் ஏறக்குறைய 3 அடி 11 அங்குலம் வரும். கட்டுவதற்குக் கொஞ்சம் கூட விட்டு வெட்டுங்கள். மூங்கிலைப் பிளந்தால் ஒரு முனை தடித்தும் மறுமுனை மெலிந்தும் இருக்கும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஒன்றின் தடித்த முனை மேலேயும் மற்றதன் தடித்த முனை கீழேயும் போனால், காற்றில் ஒரு பக்கம் கூட வளையும், மறுபக்கம் விறைத்து நிற்கும். இரண்டின் தடித்த முனையும் கீழ்மூலைகளுக்கே வரட்டும். கட்டுமுன் இரண்டு குச்சிகளையும் நிலத்தில் ஊன்றி ஒரே பலத்தோடு அழுத்திப் பாருங்கள். குறைய வளைவதன் உட்பக்கத்தைக் கண்ணாடித் துண்டால் சீவுங்கள். வெளித்தோலில் கை வைக்க வேண்டாம், மூங்கிலின் உரம் அங்கேதான் இருக்கிறது.

ஒட்டிக் காய்ந்த பிறகு, மேலிருந்து கீழாகப் போகும் நடுக்குச்சியின் இரு முனையிலும் நூல் கட்டிப் படுக்கையாகத் தூக்கிப் பாருங்கள். எந்தப் பக்கம் சாய்கிறதோ அது பாரம். எதிர்ப்பக்க மூலையில் சிறு கடதாசித் துண்டு ஒட்டினால் போதும். பசைக்கு இரண்டு மேசைக்கரண்டி கோதுமை மாவை ஒரு கோப்பைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கண்ணாடிபோலத் தெளியும் வரை கிளறிக் காய்ச்சுங்கள். பசையை அள்ளிப் பூசினால் காயும்போது கடதாசி சுருங்கிச் சட்டத்தையே முறுக்கிவிடும்.

அடுத்தது முச்சை. மேல்மூலை இரண்டிலிருந்தும் வரும் கால்கள் ஒரு நூலளவுகூட வித்தியாசமில்லாமல் இருக்க வேண்டும். மூன்றாவது கால் கீழே நடுக்குச்சியிலிருந்து வரும். மூன்றும் சேரும் முடிச்சைப் பட்டத்தின்மேல் இழுத்து வைத்தால், அது நடுக்குச்சியில் தலையிலிருந்து ஏறக்குறைய 9 முதல் 10 அங்குலத்தில் விழட்டும். அங்கிருந்துதான் திருத்தம் தொடங்கும். மேல்கால்கள் நீண்டுவிட்டால் பட்டம் காற்றை முழு நெஞ்சிலும் வாங்கும். கையைப் பிய்க்கிற மாதிரி இழுக்கும், ஆனால் ஏறாது. மேல்கால்கள் குட்டையானால் பட்டம் படுத்துக்கொள்ளும், நூல் தொய்யும், தலை அடித்து விழும். ஒவ்வொரு முறையும் அரை அங்குலத்துக்கு மேல் மாற்றாதீர்கள்.

வாலுக்குப் பழைய பருத்திச் சேலையில் இரண்டு அங்குல அகலக் கீலம், பட்டத்தின் உயரத்தைப்போல ஐந்து ஆறு மடங்கு. உங்கள் பட்டத்துக்கு 15 முதல் 18 அடி. கீழ்மூலை இரண்டிலிருந்தும் நூல் எடுத்து நடுவில் சேர்த்துக் கட்டுங்கள். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் பட்டங்களைப் பார்த்து இங்கே வாலைக் குறைப்பவர்கள் உண்டு. கடலிலிருந்து வரும் காற்று தடையில்லாமல் வரும். வன்னிக் காற்றோ காட்டு விளிம்பில் மோதிச் சுழன்று வருவது. மரக்கூட்டத்துக்குப் பக்கத்தில் நின்று எவ்வளவு நல்ல பட்டத்தை ஏற்றினாலும் அது தள்ளாடும்.

இனி விண். வில் பட்டத்தின் அகலத்தை விட ஒரு அடி நீளமாக, அதாவது 3½ அடி இருக்கட்டும். கமுகஞ் சிலாகையோ மூங்கிலோ, நடு தடித்து இரு முனையும் ஒரே அளவில் மெலிய வேண்டும். முன்பு பனை மட்டையில் உரித்த நாரைக் கத்தியால் வழித்து மெல்லியதாக்கிக் கட்டினார்கள். இப்போது பெட்டி கட்டும் பிளாஸ்டிக் நாடாவை அப்படியே கட்டுகிறார்கள், படபடப்புக்கு முதற் காரணம் அதுதான். நாடா தடிப்பு, மேலே வரிவரியாகப் புடைப்பும் இருக்கும். அதை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, புடைப்பு மறையும்வரை கண்ணாடித் துண்டால் வழியுங்கள். முழு நீளத்திலும் தடிப்பு ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு இடம் தடித்தாலும் அதிர்வு அங்கே நின்றுவிடும்.

கட்டும்போது முறுக்கு விழக் கூடாது. தட்டைப் பக்கம் காற்றை நேருக்கு நேர் பார்க்கக் கூடாது. கத்தி வாய் மாதிரி விளிம்பைக் காட்ட வேண்டும். இரு பெருவிரலுக்கு நடுவே புல்லை வைத்து ஊதுகிறோமே, அதே தத்துவம். தொய்வாகக் கட்டினால் அடிக்கும், அளவுக்கு மீறி இறுக்கினால் ஊமையாகிவிடும். அகன்ற நார் தாழ்ந்த குரல், ஒடுங்கிய நார் உயர்ந்த குரல். காற்றுக்கு எதிரே வில்லைக் கையில் பிடித்து, கூவும்வரை இறுக்கத்தைத் திருத்திய பிறகே பட்டத்தில் பூட்டுங்கள். நாருக்கும் பட்டத்தின் தலைக்கும் இடையே இரண்டு விரற்கடை இடைவெளி வேண்டும், கடதாசியில் தொட்டால் குரல் செத்துவிடும். விண் ஏறியதும் தலை பாரமாகும் என்பதால் முச்சையை மறுபடி பார்த்து, வாலில் இன்னும் இரண்டு மூன்று அடி சேர்க்க வேண்டி வரும்.

நூலைப் பற்றி ஒன்று வற்புறுத்திச் சொல்கிறோம். தங்கூசியில் (ஒற்றை இழை நைலோன் தூண்டில் நூல்) பட்டம் ஏற்றாதீர்கள். கண்ணுக்குத் தெரியாது, வழுக்கும், இழுவையில் விரலை அறுக்கும். வீதிக்குக் குறுக்கே தாழ்ந்தால் மோட்டார் சைக்கிளில் வருபவரின் கழுத்துக்கு அது கத்தி. முல்லைத்தீவுக் கடைகளில் விற்கும், வலை பின்னும் முறுக்கு நைலோன் நூல் போதும், பார்க்கவும் தெரியும். மார்கழி, தையில் வாடை (வடகிழக்குக் காற்று) அடிக்கும்போது பட்டம் தென்மேற்குப் பக்கமாகப் போகும். சோளகத்தில் (தென்மேற்குக் காற்று) வடகிழக்காகப் போகும். நிற்கும் இடத்திலிருந்து அந்தத் திசையில் மின்கம்பியும் வீதியும் இல்லாத இடத்தைத் தெரிவு செய்யுங்கள். தையில் காலபோக (மாரிக்கால) நெல் வயலில் நிற்கும், ஆகவே பாடசாலை மைதானமோ கடற்கரையோதான் நல்லது. குளக்கட்டில் நிற்பதென்றால் கட்டின் மேலேயே நில்லுங்கள், கட்டுக்குப் பின்னால் இறங்கினால் காற்று உருண்டு புரளும். மின்கம்பியில் சிக்கிய பட்டத்தைத் தடியால் தட்டி எடுக்கவே வேண்டாம். நூல் ஈரமானால் மின்சாரம் கைக்கு வரும்.

இரவு முழுக்க மரத்தில் கட்டி விண் கூவ விடும் ஆசை இருந்தால், கடதாசிக்குப் பதில் மெல்லிய பொலித்தீன் ஒட்டுங்கள். தைப் பனியில் மாப்பசை இளகி, விடியுமுன் பட்டம் தோலுரிந்துவிடும்.

கேள்வி: சின்ன வயதில் வெறும் தடியில் மண்புழு கொழுவி யப்பான் மீன் பிடித்தோம். இப்போது கடையில் வாங்கிய நல்ல தூண்டிலோடு போயும், இரையை மட்டும் தின்றுவிட்டுப் போகிறது.
— வாசகர், முத்தையன்கட்டு

பதில்: தூண்டில் நல்லது, முள் பெரிது. யப்பான் மீன் என்று நாம் சொல்லும் திலாப்பியாவுக்கு உடம்பு அகலமானாலும் வாய் சிறிது. அது விரால்போல விழுங்காது, நுனியில் கொறித்துத்தான் பார்க்கும். கடையில் பூட்டித் தரும் முள் பெரும்பாலும் கடல் மீனுக்கானது. 8 அல்லது 10ஆம் இலக்க முள் வாங்குங்கள். இலக்கம் கூடக் கூட முள் சிறிதாகும், கடையில் கேட்கும்போது மாறிவிடாதீர்கள். புழுவைத் தொங்கவிடாமல், முள்ளை மூடும் அளவுக்கு மட்டும் கோத்து நுனியைக் கிள்ளுங்கள். புழு கிடைக்காத கோடையில் பாணின் நடுப்பகுதியைத் தண்ணீர் தொட்டுப் பிசைந்து பயற்றங்காய் விதையளவு உருட்டினால் போதும்.

இரண்டாவது பிழை மிதவையில் இருக்கும். பெரிய பிளாஸ்டிக் மிதவை, மீன் இழுக்கும்போது எதிர்த்து இழுக்கும். மீனுக்குச் சந்தேகம் வந்தால் இரையைத் துப்பிவிடும். காட்டோரத்தில் உதிர்ந்து கிடக்கும் மயிலிறகின் தண்டில் ஒரு சாண் துண்டு, அதற்குக் கீழே சிறு ஈயம். தண்டின் நுனி ஒரு அங்குலம் மட்டும் நீருக்கு மேலே தெரியும்வரை ஈயத்தைக் கூட்டிக் குறையுங்கள். இரை அடிச் சேற்றுக்கு அரைச் சாண் மேலே நிற்கட்டும். மிதவை துடிக்கும்போது இழுக்காதீர்கள், சரிந்து ஓடத் தொடங்கும்போது மணிக்கட்டை மட்டும் சுண்டுங்கள். பெரியவர்கள் தோளிலிருந்து இழுத்துவிடுகிறார்கள், அந்தப் பலத்தில் மீனின் உதடு கிழிந்துவிடும்.

காலை 6 மணி முதல் 9 வரையும், வெயில் தாழ்ந்த பிறகும் நல்ல நேரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வான் (குளத்து மிகைநீர் வழியும் இடம்) பாயும் நாட்களில் வானுக்கும் துருசுக்கும் (மதகு) பக்கத்தில் தூண்டில் போட வேண்டாம். மீன் அங்கே கூடுவது உண்மைதான், இழுவையும் பாசி வழுக்கலும் அங்கேதான். பெரிய குளங்களில் முதலை உண்டு. நீர்விளிம்பில் குந்தியிருந்து மீன் கழுவுவதும், குடலை அதே இடத்தில் வீசுவதும் அதற்கு விருந்து வைப்பதற்குச் சமம். அலைகரைப் பக்கம் புல் மூடியிருந்தால் ஆறேழு அடி தள்ளி நில்லுங்கள்.

திலாப்பியா 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க மீன், விரைவாகப் பெருகும். வேண்டியமட்டும் பிடிக்கலாம். விரால் அப்படியல்ல. நீர்மட்டத்தில் செம்மஞ்சளாகக் குஞ்சுகள் கொத்தாக மிதந்தால் கீழே தாய் தந்தை காவல் நிற்கும். அந்த நேரத்தில் பெரிய விராலைத் தூக்கினால் குஞ்சுகள் முழுவதும் மற்ற மீன்களுக்கு இரையாகும். குளத்தில் நன்னீர் மீன்பிடிச் சங்கம் குஞ்சு விட்டிருந்தால், தூண்டில் போட முன் அவர்களிடம் ஒரு சொல் கேளுங்கள். அது அவர்களுடைய பிழைப்பு.

சுங்கான் மீன் தூண்டிலில் கொழுவுப்பட்டால் கையால் பிடிக்காதீர்கள். பக்கச் செட்டை முள்ளில் நஞ்சு உண்டு. குத்திவிட்டால், சுடாமல் தாங்கக்கூடிய வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் கையை அமிழ்த்தி வையுங்கள். அந்த நஞ்சு சூட்டில் கெடும், நோ குறையும். வீக்கம் ஏறினாலோ முள் உள்ளே முறிந்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கேள்வி: பேரப்பிள்ளைகளுக்குப் பல்லாங்குழி பழக்க விரும்புகிறேன். அம்மம்மா குன்றிமணியில் விளையாடுவார். எத்தனை மணி வேண்டும்? "பசு" எடுப்பது எப்படி என்பதும் அரைகுறையாகத்தான் ஞாபகம்.
— வாசகி, நெடுங்கேணி

பதில்: முதலில் குன்றிமணியை ஒதுக்கி வையுங்கள். அழகான விதைதான், ஆனால் உள்ளே கொடிய நஞ்சு இருக்கிறது. முழுதாக விழுங்கினால் கடினத் தோல் காப்பாற்றக்கூடும். கடித்தாலோ, கோப்பதற்குத் துளையிட்டதாலோ தோல் உடைந்தால் ஒரு விதையே சிறுபிள்ளையின் உயிருக்கு ஆபத்து. மஞ்சாடி, புளியங்கொட்டை, சோகி மூன்றும் நல்லவை. ஆனால் எதையும் மூக்கில் திணிக்கும் வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால் விளையாடி முடிந்ததும் எண்ணி எடுத்து வையுங்கள். புளியங்கொட்டையை இரண்டு நாள் வெயிலில் காயவைத்துப் போத்தலில் போட்டால் வண்டு துளைக்காது.

குழி 14, ஆளுக்கு 7. குழிக்கு 5 என்று 70 மணி. பலகை இல்லையென்றால் முற்றத்து மண்ணில் சிரட்டையின் அடியை அழுத்திக் குழி எடுக்கலாம்.

தன் பக்கத்துக் குழி ஒன்றை முழுவதும் அள்ளி, அடுத்த குழியிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு சுற்றி வர வேண்டும். கையிலிருந்தது முடிந்ததும் அதற்கு அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அடுத்த குழி வெறுமையாக இருந்தால், அதைத் தடவிவிட்டு அதற்கு அப்பால் உள்ள குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம், அத்தோடு முறை மற்றவருக்கு. அடுத்தடுத்து இரண்டு குழி வெறுமையானால் ஒன்றும் கிடையாது. விளையாட்டின் நடுவே எந்தக் குழியிலாவது மணி சரியாக நான்கு சேர்ந்தால் அது பசு, அந்தக் குழி யாருடைய பக்கமோ அவர் உடனே எடுத்துக்கொள்வார். கவனிக்காமல் ஐந்தாவது விழுந்துவிட்டால் பசு போய்விட்டது. பிள்ளைகளின் கண் பலகையை விட்டு அகலாமல் இருப்பதற்கு இந்த ஒரு விதியே போதும்.

முதல் சுற்று முடிந்ததும் எடுத்த மணிகளைக் கொண்டு அவரவர் குழிகளை ஐந்து ஐந்தாக நிரப்ப வேண்டும். மணி போதாதவரின் குழிகள் அடுத்த சுற்றில் மூடப்படும். சில வீடுகளில் எதிர்க்குழியையும் சேர்த்து எடுப்பார்கள், சில வீடுகளில் குழிக்கு 6. உங்கள் அம்மம்மாவின் விதி எதுவோ அதையே பழக்குங்கள். தொடங்குமுன் எல்லோரும் ஒத்துக்கொண்டால் சரி. ஆறு ஏழு வயதுப் பிள்ளைக்கு முதலில் 3 மணி வீதம் பழக்கினால் சுற்று விரைவில் முடியும், சலிப்பு வராது. அப்போது பசு விதியை விட்டுவிடுங்கள்.

கேள்வி: இடம்பெயர்ந்தபோது உறவினர் வீட்டில் விட்டுப்போன முத்திரை அல்பம் பல வருடங்களுக்குப் பிறகு கைக்கு வந்தது. சில முத்திரைகள் தாளோடு ஒட்டிப் போயின, சிலவற்றில் பழுப்புப் புள்ளி. மறுபடி சேர்க்கத் தொடங்க ஆசை.
— வாசகர், கிளிநொச்சி

பதில்: அந்த அல்பம் திரும்பி வந்தது பெரிய விடயம். அவசரப்பட்டு எதையும் பிய்க்காதீர்கள்.

ஒட்டிக்கொண்டவை பெரும்பாலும் பாவிக்காத முத்திரைகளாக இருக்கும், பின்புறப் பசை மாரிக்கால ஈரத்தில் இளகிப் பிடித்திருக்கும். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்றின் அடியில் நனைத்துப் பிழிந்த பஞ்சை வையுங்கள். அதன்மேல் தண்ணீர் தொடாதபடி சிறு வலைத்தட்டு. தட்டில் முத்திரை ஒட்டிய தாள். மூடிவிட்டு ஒரு மணிக்கொருதரம் பாருங்கள். சில மணி நேரத்தில் ஓரம் தானாக எழும்பும். முனை தட்டையான சாவணத்தால் முத்திரையை மெதுவாக உரியுங்கள். எழும்பாவிட்டால் மறுபடி மூடுங்கள்.

கடித உறையில் ஒட்டிய பாவித்த முத்திரைகளுக்கு இவ்வளவு வேலை இல்லை. சுற்றிலும் ஒரு அங்குலம் விட்டு வெட்டி, சாதாரணத் தண்ணீரில் முகம் மேலே இருக்க 15 முதல் 20 நிமிடம் மிதக்க விடுங்கள். தானாக வழுகி வரும். வெள்ளைத் தாளில் முகம் கீழே இருக்கக் காயவைத்து, பிறகு ஒரு நாள் பாரமான புத்தகத்துள் வையுங்கள். நிற உறைகளைத் தனிப் பாத்திரத்தில் போடாவிட்டால் சாயம் இறங்கி எல்லாம் கெடும். இப்போது வரும் ஸ்ரிக்கர் வகை முத்திரைகள் தண்ணீரில் கழராமல் போகலாம். அவற்றை உறையோடு, சுற்றிலும் 3 மில்லிமீற்றர் விட்டு வெட்டி அப்படியே வையுங்கள்.

பழுப்புப் புள்ளி பூஞ்சணம். வெளுக்கும் மருந்து போட்டால் நிறமும் போய்விடும். புள்ளியுள்ளவற்றைத் தனி உறையில் போட்டு, நல்லவற்றோடு சேர்க்காமல் வையுங்கள். ஐப்பசி முதல் தை வரை இங்கே ஈரம் கூட. அல்பத்தைச் சுவரில் முட்டாமல் நிமிர்த்தி நிறுத்தி, சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் சிலிக்கா பொட்டலங்கள் இரண்டு மூன்றை அலமாரியில் போடுங்கள். மாசி, பங்குனியில் நிழலில் பக்கம் பக்கமாக விரித்துக் காற்றுப்பட விடுங்கள்.

தொடங்குவதற்கு ஒரு யோசனை. எல்லாவற்றையும் சேர்ப்பதை விட ஒரு கோட்டைப் பிடியுங்கள். இலங்கையின் முதல் முத்திரை 1857ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாம் திகதி வந்தது, விக்டோரியா அரசியின் தலையுள்ள ஆறு பென்ஸ் முத்திரை. அது கைக்கு எட்டாத விலை. ஆனால் 1972இல் 'சிலோன்' என்ற பெயர் போய் 'ஸ்ரீ லங்கா' வந்த மாற்றத்தின் இரு பக்கத்து முத்திரைகளும் குறைந்த விலையில் கிடைக்கும். உங்கள் பழைய அல்பத்திலேயே சில இருக்கக்கூடும், முதலில் அதைத் தேடுங்கள்.

கேள்வி: பாலைப்பழக் காலத்தில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போய்ப் பறிக்க விருப்பம். பழம் தின்றால் உதடு ஒட்டுகிறது, இதற்கு வழி என்ன? வேறு என்ன கவனிக்க வேண்டும்?
— வாசகி, துணுக்காய்

பதில்: உதட்டுக்கு வழி இலகு, தின்னுமுன் கொஞ்சம் தேங்காயெண்ணெய் பூசுங்கள். பால் பிசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் இளகும். பிடித்த பிறகும் எண்ணெய் தடவித் துடைத்தால் போய்விடும். செங்காயில்தான் பால் கூட. படங்கை விரித்துக் கொக்கைத் தடியால் கிளையை மெதுவாக உலுப்பினால் முழுப் பழம் மட்டும் விழும், அதில் பிசின் குறைவு. கிளையை வெட்டிச் சாய்த்துப் பறிக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டாம். பாலை மிக மெதுவாக வளரும் மரம், ஒரு கிளை போனால் அந்த இடம் நிரம்பப் பல வருடம் செல்லும். மிஞ்சிய பழத்தை மெல்லிய துணி மூடி மூன்று நான்கு நாள் வெயிலில் காயவைத்தால் உலர்ந்து இனிப்பு ஏறும், போத்தலில் அடைத்து வைக்கலாம்.

கவனிக்க வேண்டியதுதான் பெரிது. பாலைப்பழமும் வீரைப்பழமும் கரடிக்கும் பிடித்த உணவு. பழக்காலத்தில் அது மரத்தடிக்கும் வரும், மரத்திலும் ஏறும். தனியாகப் போகாதீர்கள். சத்தமாகக் கதைத்துக்கொண்டு போங்கள், கரடி மனிதரைத் திடீரென்று எதிரில் கண்டால்தான் பாயும். விடியற்புறமும் பொழுதுபடும் நேரமும் வேண்டாம். மரத்தில் புதிய நகக்கீறல் தெரிந்தால் அந்த மரத்தை விட்டுவிடுங்கள்.

மிதிவெடி விடயத்தில் ஒரு சலுகையும் கிடையாது. முன்பு ஓடித் திரிந்த காடு என்ற ஞாபகம் இதில் உதவாது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையோ, சிவப்பு நிறம் பூசிய தடியோ, நாடாவோ கண்டால் அதற்கு அப்பால் ஒரு அடியும் வைக்கக் கூடாது. பலகை விழுந்தும் இருக்கலாம். ஆகவே ஊரவர் நாளாந்தம் விறகுக்கும் மாட்டுக்கும் போய்வரும் பாதையோரத்து மரங்களோடு நிறுத்துங்கள். கிராம அலுவலரிடம் கேட்டுவிட்டுப் போவது இன்னும் நல்லது. இரும்போ பிளாஸ்டிக்கோ, தெரியாத எந்தப் பொருளையும் பிள்ளை தொடக் கூடாது என்று வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப் போங்கள். கண்டால் நின்று, வந்த காலடித் தடத்திலேயே திரும்பி, 119க்கு அறிவியுங்கள். யாருக்காவது காயம் என்றால் அம்புலன்சுக்கு 1990.

கேள்வி: பழைய சைக்கிளை எடுத்து மறுபடி ஓடத் தொடங்கினேன். ரியூப்புக்கு நானே ஒட்டுப் போட்டால் இரண்டாம் நாளே விட்டுவிடுகிறது.
— வாசகர், மாங்குளம்

பதில்: சொலூசன் காயுமுன் ஒட்டுகிறீர்கள். ஓட்டையைச் சுற்றி ஒட்டை விடக் கொஞ்சம் அகலமாக அரத்தாளால் உரசி, தூசியைத் துடைத்து, மெல்லியதாக ஒரு பூச்சு பூசுங்கள். ஐந்து நிமிடம் விடுங்கள், விரலால் தொட்டால் ஈரம் தெரியக் கூடாது. அதற்குப் பிறகே ஒட்டை வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்த வேண்டும். ரியூப்பைத் திரும்பப் பூட்டுமுன் ரயரின் உட்புறத்தைத் துணியால் தடவிப் பாருங்கள், முள் இன்னும் அங்கேயே நிற்கக்கூடும். இருக்கை உயரத்தையும் சரிபாருங்கள். மிதி அடியில் இருக்கும்போது குதிக்கால் வைத்தால் முழங்கால் நேராக வேண்டும். தாழ்ந்த இருக்கையில் ஓடித்தான் பலருக்கு முழங்கால் நோகிறது.

கேள்வி: பம்பரம் செய்தேன். சுழல்கிறது, ஆனால் ஆடி ஆடி விழுந்துவிடுகிறது. நல்ல முதிரை மரம்தான்.
— வாசகர், புளியங்குளம்

பதில்: மரத்தில் பிழையில்லை, ஆணி நடுவில் இல்லை. ஆணி அடிக்குமுன், பம்பரத்தின் மேற்புறத்திலும் கூர்ப்புறத்திலும் நடுப்புள்ளி எடுத்து, இரண்டையும் விரல் நுனிகளுக்கு இடையே பிடித்துச் சுழற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் எப்போதும் கீழே வந்து நின்றால் அந்தப் பக்கத்தை அரத்தாளால் தேய்க்க வேண்டும். ஆணியின் பருமனை விடச் சிறிய துளை போட்டு, நேராக இறக்குங்கள். துளையில்லாமல் அடித்தால் மரத்தின் ஓட்டத்தோடு ஆணி சரிந்து போகும், முதிரைபோன்ற கடின மரம் வெடிக்கவும் கூடும். வெளியே நிற்கும் ஆணி கால் அங்குலத்துக்கு மேல் வேண்டாம், நீளம் கூடினால் ஆட்டமும் கூடும். ஆணியின் தலையை வெட்டிய பிறகு நுனியை அரத்தால் உருட்டையாக்குங்கள். கூராக விட்டால் மண்ணில் குத்தி நிற்கும், சீமெந்துத் தரையில் துள்ளும். கயிறு பருத்தியில், நான்கு அடி நீளம். நைலோன் கயிறு வழுக்கும், சுற்று பிடிக்காது. முதற் சுற்றுக்கு முன் கயிற்றின் நுனியை லேசாக நனைத்துக்கொள்ளுங்கள்.